ஒன்பதாவது வண்டி

கிளப் பட்டியலில் எட்டு வண்டிகள்.
கடைசியாக வருவது நான்,
பின்னால் கொக்கி தொங்கும் மகேந்திரா ஜீப்.
தொண்ணூற்றெட்டாம் வருஷத்து மாடல்,
கிளப்பில் சேர இன்னும் வயசாகவில்லையாம்.
எல்லாம் நல்லபடியாக வீடு சேர்ந்தால்
டீசலும் ஐந்நூறும்.
ஏதாவது ஒன்று படுத்துவிட்டால்
ஆயிரத்து எழுநூறு.
இதற்கு மேல் என் மனசைப் பற்றி
நான் என்ன சொல்ல.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலை ஆறு மணி,
காரைக்குடி செக்காலை ரோடு.
சோலையப்பனின் ஹெரால்டு
சளி பிடித்த பிள்ளை மாதிரி இருமிவிட்டுத்தான் கிளம்பும்.
பல் டாக்டர் கமலவேணியின் மோரிஸ் மைனருக்குக்
கதவை இரண்டு தடவை அறைய வேண்டும்,
இரண்டாவது அறை உள்ளேயிருந்து.
சவரிநாதன் தன் ஃபியட்டை
ராத்திரி முழுக்க பல் பிரஷால் தேய்த்திருக்கிறார்.
மட்கார்டில் என் முகம் தெரிகிறது,
அகலமாக, கொஞ்சம் பேராசையாக.

உமையாளின் லேண்ட்மாஸ்டர் மட்டும்
சத்தமே போடாது.
மூன்று வருஷத்தில் எனக்கு
ஒரு பைசா தராத வண்டி.

கோட்டையூர் தாண்டியதும் தலையை வெளியே நீட்டிக்கொள்வேன்.
எது எண்ணெய் குடிக்கிறது, எதற்கு வால்வு தட்டுகிறது
எல்லாம் புகையைப் பார்த்தே சொல்வேன்.
கானாடுகாத்தானில் வெள்ளைக்காரத் தம்பதி
சைக்கிளை நிறுத்திப் படம் எடுத்தார்கள்.
எட்டு வண்டி போனதும் கேமராவை மூடிவிட்டார்கள்.
சரி.

திருமயம் கோட்டையடியில்
வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்ச் சட்னி.
தூக்குவாளியை பானெட்டில் வைத்தது யார் என்று
ஒரு சண்டை.
பிறகு பந்தயம்:
இருநூறு அடியை யார் கடைசியாகக் கடப்பது.
வண்டி நிற்கவும் கூடாது, அணையவும் கூடாது.
இத்தனை முட்டாள்தனமான பந்தயத்தை
நான் எங்கேயும் பார்த்ததில்லை,
மாதாமாதம் முன்வரிசையில் நின்று பார்க்கிறேன்.
ஓர் ஆடு உமையாளை முந்திக்கொண்டு போனது.
இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி.
கோப்பை அவருக்குத்தான்.
கோப்பை என்பது பழைய ரேடியேட்டர் மூடி ஒன்று.

திரும்பும்போது, கடியாபட்டி விலக்கு தாண்டி,
வந்தது அந்த நாற்றம்.
கிளட்ச் கருகும் நாற்றம்.
எனக்கு அது பிரியாணி.
ஆயிரத்து எழுநூறு, ஆனால் யாருடையது?
ஹார்ன் அடித்தேன். எட்டும் ஓரங்கட்டின.
ஒவ்வொன்றாகக் குனிந்து மூக்கை வைத்தேன்.
ஹெரால்டில் சாம்பிராணி,
மோரிஸில் கிராம்புத் தைலம்,
ஃபியட்டில் மெழுகு,
லேண்ட்மாஸ்டரில் வழக்கம்போல் ஒன்றுமில்லை.
திரும்பி நடந்தேன்.
நாற்றம் எனக்காகக் காத்திருந்தது,
என் ஜீப்புக்கு அடியில்.

யாரும் சிரிக்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.
டாக்டரம்மா ஆரம்பித்துவைத்த பிறகுதான்
எனக்கு மூச்சே வந்தது.
என் கயிற்றை என்னிடமே கேட்டு வாங்கினார் உமையாள்.
போட்ட முடிச்சு தப்பு.
அவிழ்த்து நானே சரியாகப் போட்டுக் கொடுத்தேன்.
சோலையப்பன் நோட்டில் எழுதினார்:
கிளப் வண்டிகளில் பழுது, இல்லை.
ஆகவே ஐந்நூறு.
இழுத்த கூலியை யார் யாருக்குத் தருவது என்பதைக்
கமிட்டி பேசி முடிவு செய்யுமாம்.

இஞ்சின் அணைந்த ஜீப்பில்
ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
முன்னால் கயிறு. கயிற்றுக்கு அந்தப்பக்கம் லேண்ட்மாஸ்டர்.
என் இரைச்சல் இல்லாமல்
இந்த ரோட்டை நான் கேட்டதேயில்லை.
மைனா கேட்டது. யாரோ வீட்டில் மிக்ஸி.
அப்புறம்
இடது பின்சக்கரத்திலிருந்து
மெல்ல, மிக மெல்ல,
அரிசியில் கல் கிடந்த மாதிரி ஒரு சத்தம்.
பேரிங்.

மிஞ்சிப்போனால் ஒரு மாதம்.
அடுத்த இரண்டாம் ஞாயிறு, கானாடுகாத்தான் பக்கத்தில்,
கண்ணுக்கு முன்னால் ஆயிரத்து எழுநூறு.

பள்ளத்தூர் பிரிவு வந்தது, போனது.
கண்ணாடியில் அவர் ஒருமுறை
நான் வருகிறேனா என்று பார்த்தார்.
எங்கே போவேன்.
கோட்டையூர் ரயில்வே கேட் மூடியிருந்தது.
நின்றோம்.
நான் இறங்கி, கயிற்றைப் பிடித்தபடியே,
அவர் ஜன்னல் வரைக்கும் நடந்தேன்.